வொரண்டி கிளெய்ம் திரும்பி வந்தால், வாடிக்கையாளரிடம் பணம் கேட்பதற்கு முன்

கேள்வி கேட்ட தம்பியின் நிலைமையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொழும்பில் ஒரு வாகன ஏஜென்ட் கம்பனியின் சேர்விஸ் பிரிவில் வொரண்டி மேசைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. போன மாதம் பிரின்சிபலுக்கு, அதாவது வெளிநாட்டில் இருக்கும் தயாரிப்புக் கம்பனிக்கு, வொரண்டியில் திருத்திய வேலைகளின் செலவைக் கேட்டு அனுப்பிய கிளெய்ம்களில் 11 நிராகரிக்கப்பட்டுத் திரும்பியிருக்கின்றன. மேலாளர் "வாடிக்கையாளரிடம் அறவிடுங்கள்" என்கிறார். முதல் கடிதம் வெள்ளவத்தையில் இருக்கும் ஓர் அம்மாவுக்குப் போயிருக்கிறது. ஸ்டீயரிங் இறுகிப்போய் வந்த அவருடைய காருக்கு ஈபிஎஸ் மோட்டாரை, அதாவது ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவும் மின் மோட்டாரை, வொரண்டியில் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நான்கு வாரம் கழித்து, "சேர்விஸ் தவணை தவறியதால் வொரண்டி செல்லாது, பணம் கட்டுங்கள்" என்று கடிதம். அம்மா நேரே வந்து, "காரை உங்களிடம்தானே வாங்கினேன், ஜப்பானிலா வாங்கினேன்?" என்று கேட்டாராம். தம்பிக்குப் பதில் வரவில்லை.

தம்பி, அந்த அம்மாவின் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. கொழும்பில் இரண்டு வேலைத்தளங்களில் மொத்தம் 19 வருடம் இதே மேசையில் இருந்தவன் நான். எனக்கு இது புரியவே நாலைந்து வருடம் ஆனது. வொரண்டியில் இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று உங்கள் கம்பனிக்கும் பிரின்சிபலுக்கும் இடையில், அவர்களுடைய வொரண்டிக் கையேட்டின்படி நடப்பது. மற்றது உங்கள் கம்பனிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையில், காருடன் கொடுத்த வொரண்டிப் புத்தகத்தின்படி நடப்பது. நிராகரிப்பு வருவது முதல் கணக்கில். அதை அப்படியே இரண்டாவது கணக்கில் எழுதிவிடுவதுதான் பிழை.

உதாரணமாக, திருத்தி முடித்து 30 நாளுக்குள் கிளெய்ம் அனுப்ப வேண்டும் என்று கையேட்டில் இருக்கிறது, நீங்கள் 34 ஆவது நாள் அனுப்பினீர்கள், நிராகரித்துவிட்டார்கள். வாடிக்கையாளர் வொரண்டிக் காலத்துக்குள் வந்தார், உடைந்த பாகமும் வொரண்டியில் அடங்குவது. அவர் செய்த தவறு என்ன? ஒன்றுமில்லை. அந்தப் பணம் கம்பனியின் நட்டம். அதை அவரிடம் கேட்க எந்த நியாயமும் கிடையாது.

ஆகவே அந்த 11 கிளெய்முக்கும் உரிய ஜொப் கார்ட்களை, அதாவது காரில் செய்த வேலையை எழுதும் அட்டைகளை, மேசையில் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: பிரின்சிபல் மறுத்தது எங்கள் கடதாசியையா, எங்கள் பரிசோதனையையா, அல்லது பழுதையேயா?

கடதாசிப் பிழைகளில் அதிக நேரம் செலவழிக்க வேண்டியதில்லை, அவை மீட்கக்கூடியவை. சசி இலக்கத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கும். 17 இலக்க சசி நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது, ஒன்றுடனும் பூச்சியத்துடனும் குழம்பும் என்பதற்காகவே விலக்கியிருக்கிறார்கள். பூச்சியத்தை ஓ என்று அடித்துத் திரும்பி வந்த கிளெய்ம்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். (17 இலக்கமே இல்லாமல், மாடல் குறியீடும் நடுவில் ஒரு கோடும் அதன் பின் இலக்கமும் என்று குறுகலாக இருந்தால், அது ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த கார். ரீகண்டிஷனாக வந்தது. அதற்கு ஏஜென்ட் வழியாக பிரின்சிபல் வொரண்டி கிடைக்காது என்பதை வாசலிலேயே சொல்லிவிட வேண்டும், மூன்று நாள் காரை உள்ளே வைத்திருந்த பிறகு அல்ல.) மீற்றர் அளவு பிழை, வேலைக்கான குறியீடு பிழை, பழுதுக்கு மூலமான பாகம் என்று வேறொன்றைப் போட்டது, இவையெல்லாம் திருத்தி மறுபடி அனுப்பக்கூடியவை.

கடதாசி வகையில் ஒன்றைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அது பழுதை எழுதும் விதம். "கியர் பொக்ஸ் சத்தம். மாற்றப்பட்டது." இப்படி எழுதினால் நான் பிரின்சிபலாக இருந்தாலும் மறுப்பேன். இதையே இப்படி எழுதிப் பாருங்கள்: "காலையில் குளிர்ந்த நிலையில் ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றும்போது ஒரு தடவை அடிக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னார். இரவு முழுதும் காரை நிறுத்தி வைத்துக் காலையில் பார்த்தோம், அடித்தது. சூடான பிறகு இல்லை. எண்ணெய் அளவு சரி, நிறம் சரி. ஸ்கேனில் இந்தப் பழுதுக் கோட் வந்தது. அளந்த அழுத்தம் இவ்வளவு, புத்தகத்தில் உள்ள எல்லை இவ்வளவு." வாடிக்கையாளர் சொன்னது, நாம் கண்டது, அளந்தது, செய்தது என்ற வரிசையில் போகிறது. கிளெய்ம் பார்க்கிறவர் உங்கள் காரை ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அவருக்குக் கார் என்பது உங்கள் நாலு வரிதான்.

ஆனால் ஒன்று. மறுபடி அனுப்பும்போது இல்லாததை உண்டாக்காதீர்கள். ஸ்கேன் பிரின்ட் எடுக்காமல் விட்டிருந்தால் அது இல்லைதான். வேறு காரில் எடுத்த பிரின்ட்டை இணைப்பது, பழைய தேதி போட்டு வாடிக்கையாளர் கையெழுத்து வாங்குவது, இதெல்லாம் சில இடங்களில் சர்வசாதாரணமாக நடக்கிறது. ஒடிட்டுக்கு வருகிறவர்கள் டெக்னீஷியன் வேலை தொடங்கிய நேரத்தையும் முடித்த நேரத்தையும், ஸ்கேனர் பதிவில் இருக்கும் நேரத்தையும், களஞ்சியத்தில் பாகம் எடுத்த நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒன்று பிடிபட்டால், பார்த்தவற்றில் எத்தனை பிழையோ அதே விகிதத்தைக் கணக்கில் எடுத்து, மற்றக் கிளெய்ம்களுக்கும் சேர்த்துப் பணத்தைத் திருப்பிக் கேட்டு டெபிட் நோட் அனுப்பும் பிரின்சிபல்களும் உண்டு. அதைவிட, உங்கள் நாலு வரியை இனி யாரும் நம்பமாட்டார்கள். உண்மையான கிளெய்மையும் சந்தேகத்தோடுதான் திறப்பார்கள்.

இரண்டாவது வகை, நாங்கள் செய்த பரிசோதனையை மறுப்பது. இதுதான் மனதுக்குக் கஷ்டமானது, ஏனென்றால் இதில் பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு ஹைபிரிட் கார், ஏஜென்ட் விற்றதுதான், வொரண்டிக்குள் இருந்தது. பி0ஏ80 கோட், அதாவது ஹைபிரிட் பற்றரித் தொகுதியை மாற்றச் சொல்லும் கோட். மாற்றினோம், கிளெய்ம் அனுப்பினோம். திரும்பி வந்தது: "குளிரூட்டும் விசிறியின் வடிகட்டி அடைபட்டுள்ளது, பராமரிப்புக் குறை." நாங்கள் அனுப்பிய படத்திலேயே அது தெரிந்திருக்கிறது, நாங்கள்தான் கவனிக்கவில்லை. பின் சீற்றின் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வடிகட்டியைக் கழற்றிக் கொண்டுவரச் சொன்னேன். சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒரு படை. அதற்குள் நாய் மயிரும் பிஸ்கட் தூளும். விரலால் தள்ளினால் முழுப் படையும் ஒரே துண்டாகக் கழன்று வந்தது. பற்றரிக்குக் காற்றே போயிருக்காது. சூட்டில் செல்கள் செத்திருக்கின்றன.

"வாடிக்கையாளரின் பராமரிப்புக் குறைதான், அறவிடலாம்" என்றார்கள். நான் பழைய ஜொப் கார்ட்களை எடுத்தேன். நாலு மாதத்துக்கு முன் எங்கள் வேலைத்தளத்திலேயே சேர்விஸ். பரிசோதனைத் தாளில் "ஹைபிரிட் விசிறி வடிகட்டி, சுத்தம் செய்யப்பட்டது" என்ற கட்டத்தில் சரி போட்டிருந்தது. அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேலிருந்து கீழ்வரை எல்லாக் கட்டங்களிலும் சரி. ஒவ்வொரு சரியின் வாலும் அடுத்த சரியின் தலையைத் தொட்டுக்கொண்டு, நீலப் பேனா தாளை விட்டு எழும்பாமல் ஒரே இழுப்பில் போட்டது. ஒரு காரைச் சுற்றி வந்து பார்த்தவன் போட்ட சரி அப்படி இருக்காது.

நாலு மாதத்தில் அவ்வளவு படை சேராது. அந்தப் பற்றரியின் செலவை எங்கள் கம்பனி ஏற்றது. ஏற்க வைக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது, பெரிய தொகை. ஆனால் அந்த வாடிக்கையாளருக்கு பில் அனுப்பியிருந்தால், அவர் பணம் கொடுத்து வாங்கிய சேர்விஸை நாங்கள் செய்யாமல் விட்டதற்கு அவரிடமே தண்டம் கேட்டதாக ஆகியிருக்கும். அன்றிலிருந்து "பராமரிப்புக் குறை" என்று ஒரு கிளெய்ம் திரும்பினால் முதலில் நான் எடுப்பது எங்களுடைய பழைய பரிசோதனைத் தாளைத்தான். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

மூன்றாவது, பழுதையே மறுப்பது: வெளிக் காரணம், வொரண்டியில் அடங்காது என்பது. பிரேக் பேட், வைப்பர் போன்ற தேய்பவற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, புத்தகத்தில் தெளிவாக இருக்கும். கொழும்பில் அடிக்கடி வருபவை எலி, வெள்ளம், எரிபொருள், வெளியில் பூட்டிய பொருட்கள். எலி கடித்த வயரில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பல் கீறல் இருக்கும், செம்புக் கம்பி பளபளவென்று தெரியும், எயார் கிளீனர் பெட்டிக்குக் கீழே தும்போ சீலைத் துண்டோ கிடக்கும். அதை "வயர் அறுந்துள்ளது" என்று எழுதி அனுப்புவது நேர்மையும் இல்லை, பலனும் இல்லை. கார் பொனட் திறந்திருக்கும்போதே வாடிக்கையாளரை அழைத்துக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தவர் சண்டை பிடிப்பது குறைவு. காப்புறுதியில் இதற்கு இடம் இருக்கிறதா என்று அவர் பொலிசியைப் பார்க்கவும் சொல்லுங்கள். வெள்ளமும் அப்படித்தான். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவ, வெல்லம்பிட்டிப் பக்கமிருந்து வந்த கார்களில், கார்ப்பெட்டைத் தூக்கினால் சீற் தண்டவாளத்தில் சேற்றுக் கோடு எந்த உயரம்வரை தண்ணீர் நின்றது என்று சொல்லிவிடும்.

எரிபொருளில் கவனமாக இருங்கள். "எரிபொருள் கலப்படம்" என்பது சொல்ல மிகச் சுலபமான காரணம், அதனால் சோம்பல் காரணமாகவும் ஆகிவிடுகிறது. சொன்னால் நிரூபிக்க வேண்டும். தாங்கியிலிருந்து எடுக்கும் எரிபொருளை வாடிக்கையாளர் முன்னிலையில் இரண்டு தெளிவான போத்தல்களில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் கொஞ்ச நேரத்தில் கீழே தனிப் படையாக நிற்கும். இரண்டிலும் தேதி, வாகன இலக்கம், இரு தரப்புக் கையெழுத்து. ஒரு போத்தல் உங்களுக்கு, ஒன்று அவருக்கு. எரிபொருள் நிலையத்திடம் போய்க் கேட்க அவருக்கு அது மட்டும்தான் சாட்சி. மாதிரியே எடுக்காமல் எரிபொருள் என்று மறுத்த எந்தக் கிளெய்மையும் நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன், அது பிரின்சிபல் சொன்னாலும் சரி, எங்கள் பாஸ் சொன்னாலும் சரி.

இனி சேர்விஸ் தவணை தவறியது. வெள்ளவத்தை அம்மாவின் விஷயம் இதுதான், இதில்தான் அதிக அநியாயமும் நடக்கிறது. தவணை தவறினால் முழு வொரண்டியும் போய்விட்டது என்று பல சேர்விஸ் அட்வைசர்கள் நினைக்கிறார்கள். உங்கள் பிரின்சிபலின் வொரண்டிப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பந்தியைச் சொல்லுக்குச் சொல் வாசியுங்கள். நான் வேலை செய்த இரண்டு இடங்களிலும் இருந்த வாசகம், பராமரிப்புக் குறையால் உண்டான பழுது அடங்காது என்பதுதான். "உண்டான" என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. எண்ணெய் மாற்றாமல் ஓட்டி எஞ்சின் பெயாரிங் பிடித்தால் மறுப்பது நியாயம். எண்ணெய் மாற்றாததால் கதவுக் கண்ணாடி மோட்டார் எரிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஈபிஎஸ் மோட்டாரும் அப்படி. மின்சாரத்தில் ஓடும் ஸ்டீயரிங் உதவி அது, அதில் ஊற்ற எண்ணெயே இல்லை. எஞ்சின் எண்ணெய் சேர்விஸ் பிந்தியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று மேன்முறையீட்டில் நேரடியாகக் கேளுங்கள்.

அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடியது ஒன்று உண்டு, அதற்குத் தயாராக இருங்கள். நீங்கள் எழுதியபடி அம்மா மகளின் பிரசவத்துக்காக மூன்று மாதம் கனடா போயிருந்தார், கார் அப்பார்ட்மென்ட் அடித்தளத்தில் நின்றது. நின்ற காரில் பற்றரி இறங்கும். பற்றரி வோல்ட்டேஜ் குறைந்தாலும் ஈபிஎஸ் விளக்கு எரியும், கோட்டும் பதியும். "பற்றரிப் பிரச்சினைக்கு மோட்டாரை மாற்றினீர்களா?" என்று கேட்பார்கள். ஆகவே ஜொப் கார்ட்டில் பற்றரி பரிசோதித்த துண்டு இருக்கிறதா, பற்றரியை முழுதாகச் சார்ஜ் செய்து கோட்டை அழித்த பிறகும் அதே கோட் திரும்பி வந்ததா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். திரும்பி வந்திருந்தால் உங்கள் மேன்முறையீடு பலமானது. அம்மாவிடம் கடவுச்சீட்டில் போன தேதி, வந்த தேதி உள்ள பக்கத்தின் பிரதி வாங்கி இணையுங்கள். மீற்றர் எத்தனை கிலோமீற்றர் ஓடியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். 2022 இல் பெற்றோல் இல்லாமல், பிறகு கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று இருந்த நாட்களில் தவறிய தவணைகளுக்கு நாங்கள் இப்படித்தான் காரணத்தைத் தாளோடு எழுதி அனுப்பினோம், பலவற்றை ஏற்றுக்கொண்டார்கள். காரணம் எழுதாமல் அனுப்பியவை அப்படியே மறுக்கப்பட்டன.

இனி மேலாளர். அவர் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடையில் வொரண்டி வேலை தெரிந்தவர்கள் பலர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள். இப்போது புதுக் கார்கள் வருகின்றன, மேசையில் புதியவர்கள். நட்டம் மட்டும் அவர் பெயரில் விழுகிறது. அவரிடம் நியாயம் பேசுவதைவிட ஒரு தாளைக் காட்டுங்கள். 11 கிளெய்ம், ஒவ்வொன்றின் தொகை, மறுத்த காரணம், திருத்தி அனுப்பலாமா, யாருடைய தவறு. பெரும்பாலும் பாதிக்கு மேல் திருப்பி எடுக்கக்கூடியதாக இருக்கும், அதைப் பார்த்தாலே அவர் குரல் மாறும். எங்கள் தவறு என்று வந்தவற்றை டெக்னீஷியன் சம்பளத்தில் வெட்ட விடாதீர்கள். வெட்டினால் அடுத்த தடவை அவன் பிழையை மறைப்பான், உங்களுக்கு உண்மையான ஜொப் கார்ட் ஒருபோதும் வராது.

சட்டத்தையும் அவருக்கு ஞாபகப்படுத்தலாம். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவு, கொடுத்த உத்தரவாதத்துக்கு அமையாத பொருள் பற்றிய முறைப்பாட்டை விசாரிக்க அந்தச் சபைக்கு அதிகாரம் கொடுக்கிறது. தயாரித்தவரைப் போலவே விற்ற வர்த்தகரும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். நட்டஈடு கொடுக்கவோ, பொருளை மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கட்டளை வரலாம். அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அந்த அம்மா ஒரு அழைப்பு எடுத்தால் கடிதம் வரப்போவது ஜப்பானுக்கு அல்ல.

உண்மையிலேயே வாடிக்கையாளர் கட்ட வேண்டியவை இந்த 11 இல் இரண்டு மூன்று இருக்கலாம். அவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில், "வொரண்டி மறுக்கப்பட்டால் செலவை நான் ஏற்கிறேன்" என்று வேலை தொடங்க முன் அவர் கையெழுத்து வைத்திருக்கிறாரா பாருங்கள். இல்லையென்றால், இலவசம் என்று சொல்லிக் கொடுத்த வேலைக்குப் பின்னால் பில் அனுப்ப முடியாது, அதைக் கம்பனிதான் சுமக்க வேண்டும். இனிமேல் சந்தேகமான பழுது என்றால் பிரிப்பதற்கு முன்பே பிரின்சிபலிடம் அனுமதி கேளுங்கள், பதில் வரும்வரை எதையும் வாக்குக் கொடுக்காதீர்கள். வொரண்டி முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஒழுங்காக எங்களிடமே சேர்விஸ் செய்தவர் என்றால் பிரின்சிபலிடம் குட்வில் கேளுங்கள், அதாவது கடமை இல்லாவிட்டாலும் நல்லெண்ணத்தில் செலவை ஏற்கச் சொல்லுங்கள். பாகம் அவர்கள், கூலி நாங்கள் என்று பிரித்துக் கேட்டால் இணங்குவார்கள். மறுப்பைச் சொல்லும்போது அவருடைய மொழியில் எழுதுங்கள். தமிழ் வாசிக்கும் அம்மாவுக்கு, பிரின்சிபல் அனுப்பிய ஆங்கில வரியை வெட்டி ஒட்டி அனுப்புவது பதில் ஆகாது. என்ன பழுது, என்ன கண்டோம், புத்தகத்தில் எந்தப் பக்கம், உங்களுக்கு ஏற்பில்லை என்றால் யாரிடம் கேட்கலாம். ஐந்து வரி போதும். கழற்றிய பாகத்தையும் அவர் பார்க்கக் கேட்டால் காட்டுங்கள்.

அதனால்தான் நாளைக்குக் காலையில் முதல் வேலையாக வொரண்டிப் பாகங்கள் வைக்கும் தட்டுக்குப் போங்கள். அம்மாவின் காரிலிருந்து கழற்றிய ஈபிஎஸ் மோட்டார், சிவப்பு அட்டையோடு, ஜொப் இலக்கத்தோடு அங்கே இருக்கிறதா பாருங்கள். மேன்முறையீட்டில் அதைத்தான் அனுப்பச் சொல்வார்கள். இருந்தால் எடுத்து உங்கள் மேசைக்குக் கீழே பூட்டி வையுங்கள், பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் பழைய இரும்போடு போய்விட்டால் பிறகு பேச ஒன்றுமில்லை. அப்புறம் மேலாளரிடம் தாளைக் காட்டி ஒரு விஷயத்துக்கு மட்டும் சம்மதம் வாங்குங்கள்: அம்மாவின் கடிதத்தை மீளப்பெறுவது. வாங்கியதும், அவர் திரும்ப வரும்வரை காத்திருக்காமல் நீங்களே தொலைபேசி எடுங்கள். "அம்மா, அந்தக் கடிதத்தை விட்டுவிடுங்கள். தவணை பிந்தியதற்கும் அந்த மோட்டாருக்கும் சம்பந்தமில்லை என்று நாங்கள் எழுதுகிறோம். நீங்கள் கனடா போய்வந்த தேதி உள்ள பாஸ்போர்ட் பக்கத்தை மட்டும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள்.